பேராட்சிக்குளத்தில் பதினான்கு வாத்துகள்

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்குத் திருநெல்வேலி சந்திப்பில் இறங்கினேன். கையில் ஒரு பை, தோளில் ஒரு பை, தலையில் நானே பின்னிய கம்பளிக் குல்லாய். தை மாதக் குளிர் என்று எதிர்பார்த்து வந்தவனை இருபத்திரண்டு டிகிரி வரவேற்றது. நடைமேடையில் டீ விற்றவர் மெல்லிய அரைக்கைச் சட்டையோடு நின்றபடி என் தலையை ஒரு சுற்றுப் பார்த்தார்.

“ஊட்டி வண்டின்னு நெனச்சு ஏறிட்டியளோ?”

டீ பன்னிரண்டு ரூபாய். கேள்விக்குத் தனியாக எதுவும் வாங்கவில்லை. குல்லாயைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

குல்லாயின் வரலாற்றைச் சொல்லிவிடுகிறேன். வருடத்தில் பத்து மாதம் சென்னையில் ஒரு அலுவலகத்தில் கணினி முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். மார்கழி, தை வந்தால் மட்டும் எனக்குள் ஒரு வீரன் எழுந்துவிடுவான். மூன்று வருடம் முன்பு சைக்கிள். மூன்றாம் நாள் ஒரு நாய் என் ஆர்வத்தைக் கணுக்காலில் கவ்வி நிறுத்தியது. அதற்கடுத்த குளிர்காலம் மரச்செதுக்கு வேலை. இடது கட்டைவிரலில் இன்னும் தழும்பு இருக்கிறது, செதுக்கிய யானை இல்லை. போன வருடம் கம்பளிப் பின்னல். இந்த வருடம் பறவை பார்த்தல். “பறவைன்னா பரவாயில்ல, பறந்து தப்பிச்சுக்கும்” என்றாள் மனைவி.

பறவை பார்ப்பவர்களின் கைப்பேசிக் குழு ஒன்றில்தான் மீரான் பாயின் பழக்கம். எங்கள் மொட்டைமாடியில் வந்த ஒரு பறவையைப் படம் பிடித்து, ‘இது என்ன அரிய வகை?’ என்று கேட்டிருந்தேன். குழுவே சிரித்தது. அவர் ஒருவர்தான் பதில் எழுதினார்: ‘காக்கா, அண்ணாச்சி. நல்ல காக்கா.’ அன்றிலிருந்து நண்பர்கள். ‘தை மாசம் வாங்க, எங்க குளத்தை எண்ணுவோம்’ என்று கூப்பிட்டிருந்தார்.

சந்திப்பிலிருந்து மேலப்பாளையத்துக்கு ஆட்டோ நூற்றைம்பது ரூபாய். மீரானுக்கு நாற்பத்தெட்டு வயது. ஷார்ஜாவில் பதினான்கு வருடம் ஏசி மெக்கானிக்காக இருந்துவிட்டு வந்து, இங்கும் அதே வேலை பார்க்கிறார். பங்குனியிலிருந்து ஐப்பசி வரை அவரைப் பிடிக்க முடியாது. மழை விழுந்து காற்று குளிர்ந்ததும் அவரை யாரும் தேட மாட்டார்கள்.

“ஊருக்கெல்லாம் குளிர் வந்தா எனக்கு லீவு” என்றார், இட்லித் தட்டை என் பக்கம் நகர்த்தியபடி. “வீட்டுல சும்மா இருந்தா வீட்டம்மா ஒட்டடை அடிக்கச் சொல்லுதா. அதான் ஆட்டம், நடை, குளம், கம்பின்னு நாலு மாசத்தையும் நிரப்பி வச்சிருக்கேன்.”

கம்பி என்பது அவரது கைவேலை. ஏசிக் குழாய் மாட்டும்போது மிஞ்சுகிற துண்டுச் செம்புக் குழாய்களைச் சூடுகாட்டி வளைத்துப் பறவைகள் செய்கிறார். முன்னறையின் ஜன்னல் திட்டில் வரிசையாக நின்றன: கழுத்தை முறுக்கிய பாம்புத்தாரா, வாலை நீட்டிய ஊசிவால் வாத்து, வளைந்த அலகோடு அரிவாள் மூக்கன். நானும் ஒரு துண்டை வாங்கி வளைத்துப் பார்த்தேன். அரைமணி நேரத்தில் குடைக் கைப்பிடி ஒன்று உருவானது. “அது கொக்கு” என்று நான் முந்திக்கொண்டு சொன்னேன். “தூங்குற கொக்கு” என்று அவர் பெரிய மனதோடு ஒப்புக்கொண்டார்.

ஜும்மா முடிந்து, சாப்பிட்டு, மாலை நாலரைக்குப் பூப்பந்து. மஞ்சள் கம்பளிப் பந்து, பக்கத்துக்கு ஐந்து பேர், ஒரு பள்ளி மைதானம். ஏசி, ஃபிரிட்ஜ், மோட்டார் ரிப்பேர் பார்ப்பவர்கள்தான் பெரும்பாலும். என்னைக் கடைசி வரிசையில் நிறுத்தினார்கள். மீரான் திரும்பிச் சொன்ன ஆட்ட நுணுக்கம் ஒன்றே ஒன்று: “அண்ணாச்சி, பந்து வந்தா பைய வெலகிக்கிடுங்க.” விலகுவதில் நான் அன்று ஒரு தவறும் செய்யவில்லை. ஒருமுறை மட்டும் விலக நேரமில்லாமல் பந்து மட்டையில் பட்டு எதிர்ப்பக்கம் விழுந்தது. இரண்டு அணியும் கைதட்டியது. அப்படிக் கைதட்டினால் அதற்கு அர்த்தம் வேறு என்று எனக்கும் தெரியும்.

சனிக்கிழமை காலை ஆறரைக்கு நடை. குறுக்குத்துறையில் தொடங்கி ஆற்றோரமாகவே கொக்கிரகுளம் வரை. அணையில் தண்ணீர் விட்டிருந்தார்கள். தாமிரபரணி பாறைகளுக்கு இடையில் சத்தமாக ஓடிக்கொண்டிருந்தது. கரையில் துவைத்தவர்கள், குளித்தவர்கள், பல் தேய்த்தபடி அரசியல் பேசியவர்கள் எல்லோரையும் தாண்டி, மீரான் எனக்கு எண்ணக் கற்றுக்கொடுத்தார். பறவைகளை ஒவ்வொன்றாக எண்ண முடியாது. எண்ணி முடிப்பதற்குள் இடம் மாறிவிடும். முதலில் பத்தை எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடம் அடைக்கிறது என்று கண்ணில் பிடித்துக்கொள்ள வேண்டும். பிறகு அந்த அளவை வைத்துக் கூட்டத்தை அளந்துகொண்டே போகவேண்டும். ஒரு மணல்திட்டில் உட்கார்ந்திருந்த உண்ணிக்கொக்குகளை நான் எழுபது என்றேன்.

“முப்பத்தெட்டு” என்றார்.

“பாதி சரி.”

“பாதி சரின்னு ஒண்ணு கெடையாது, அண்ணாச்சி.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனாலும் பேச்சு அதற்குப் பிறகு குளத்தின் பக்கம் திரும்பி, அவர் முகம் கொஞ்சம் இறுகியது. ஸ்ரீவைகுண்டத்தைத் தாண்டி உள்ளே இருக்கிறது பேராட்சிக்குளம். எட்டுக் குளிர்காலமாக அதை எண்ணுவது அவர்தான். இந்தப் பக்கத்துக் குளங்களின் கணக்கெடுப்பை நடத்துவது ஒரு கல்லூரியில் விலங்கியல் சொல்லித்தரும் பேராசிரியை. எல்லோருக்கும் அவர் டீச்சர். குளங்கள் நிறைய, எண்ண ஆட்கள் குறைவு. அதனால் வரித்தலை வாத்து வருகிற குளங்களுக்குத்தான் கணக்கெடுப்புப் பட்டியலில் முதலிடம். தலையின் பின்பக்கம் இரண்டு கறுப்புப் பட்டைகள் உள்ள வெளிர்சாம்பல் நிறப் பறவை. இமயமலைக்கு அப்பாலிருந்து மலையையே தாண்டிக் குளிர்காலத்துக்கு இங்கே வருவது.

“எங்க குளத்துக்கு அது வந்து ரெண்டு வருசம் ஆச்சு. இந்த வருசமும் வரலைன்னா பட்டியல்ல இருந்து எடுத்துட்டு வேற குளத்தைச் சேக்கணும்னு டீச்சர் சொல்லிட்டாக. அவுகளைக் குத்தம் சொல்ல முடியாது.”

“எடுத்தா என்ன? நீங்க போய்ப் பாக்கறதை யாரும் தடுக்கப்போறதில்லையே?”

“பலகை போயிரும்லா.”

பட்டியலில் உள்ள குளங்களில் மட்டும் டீச்சரின் குழு ஒரு இரும்புப் பலகை வைத்திருக்கிறது: ‘இங்கே பறவைகள் கணக்கெடுக்கப்படுகின்றன.’ அவ்வளவுதான் வாசகம். அதற்கு முன்பெல்லாம் பேராட்சிக்குளத்தின் தென்கரையில் இடித்த கட்டடத்து மண்ணைக் கொண்டுவந்து லாரி லாரியாகக் கொட்டிக்கொண்டிருந்தார்களாம். பலகை வந்த பிறகு நின்றுவிட்டது. “யாரோ கணக்கு எடுக்காங்கன்னு தெரிஞ்சா கொட்டுறவனுக்குக் கை கூசுது” என்றார் மீரான். டீச்சரிடம் இருப்பதே எண்ணிச் செய்த சில பலகைகள்தான். குளம் மாறினால் பலகையும் மாறும்.

ஞாயிறு காலை ஐந்தே முக்காலுக்கு, மீரான் சுபுஹ் தொழுதுவிட்டு வந்ததும், அவருடைய பைக்கில் கிளம்பினோம். முப்பத்துநாலு கிலோமீட்டர். ஏசி வேலைக்கான கயிறும் ஸ்பானர் பையும் வழக்கமாகத் தொங்குகிற கொக்கியில் தொலைநோக்கி தொங்கியது. இந்த முறை குல்லாய்க்கு வேலை வந்தது; பைக்கின் பின்னிருக்கையில் நெல்லைக் குளிரும் குளிர்தான். ஸ்ரீவைகுண்டத்தில் டீக்கு நிறுத்தி, வாழைத்தோட்டங்களுக்கு நடுவே வாய்க்கால் பாதையில் போய், ஆறு ஐம்பதுக்குக் குளத்தின் மேற்குக் கரையில் ஏறினோம். பலகை கரையிலேயே நின்றது. அதன் தலையில் ஒரு மீன்கொத்தி உட்கார்ந்திருந்தது. அதைத்தான் முதலில் எண்ணினேன். ஒன்று. அதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

தண்ணீர்மேல் பனிமூட்டம் பாயாக விரிந்து கிடந்தது. எதிரே சூரியன். மீரான் வடக்குப் பக்கம் நாமக்கோழிகளை எண்ணத் தொடங்கினார். என்னிடம் முக்காலித் தொலைநோக்கியைக் கொடுத்து, தெற்குப் பக்கம் பார்க்கச் சொன்னார். நாணல் ஓரமாகத் தேடிக்கொண்டே போனேன். முக்குளிப்பான் நாலு. நீலத் தாழைக்கோழி ஒன்பதோ பத்தோ. கருவேலமரத்தில் நீர்க்காகம். மணி ஏழு முப்பத்தைந்துக்கு, மூட்டம் கொஞ்சம் கிழிந்த இடத்தில், வெளிறிய உடம்போடு பெரிய வாத்துகள் மிதந்தன. ஒன்று தலையைத் திருப்பியது. பின்தலையில் பட்டை. ஒன்றல்ல, இரண்டு.

எண்ணினேன். பத்தைக் கண்ணில் பிடிக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. பதினான்கு.

“பாய்! பாய், கோடு! தலையில கோடு!”

கரைமேல் ஓடிவந்தார். தொலைநோக்கியில் கண்ணை வைத்தார். இரண்டு விநாடி இருக்கும். நிமிர்ந்தபோது அவர் கண்கள் கலங்கியிருந்தன. “அல்ஹம்துலில்லாஹ்” என்றார். பிறகு என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஏசி மெக்கானிக்கின் கைப்பிடி; இன்றைக்கும் அந்த இடம் தெரிகிறது. மறுகையால் கைப்பேசியை எடுத்தார்.

“டீச்சர், வந்துட்டு! வரித்தலை! பதினாலு!”

மறுமுனையில் டீச்சர் கத்தியது எனக்கே கேட்டது. இரண்டு நிமிடத்தில் குழுவில் செய்தி வந்தது. மீரானின் பாக்கெட் டிங் டிங் என்று வாழ்த்துகளால் துடித்தது. அவர் கரைமேல் உட்கார்ந்து, டப்பாவில் கொண்டுவந்திருந்த ரொட்டியைப் பிய்த்து என் வாயிலேயே ஊட்டிவிட்டார். “ஒங்க கண்ணு ராசியான கண்ணு, அண்ணாச்சி.” என் வாழ்க்கையில் எந்தப் பொழுதுபோக்கும் அதுவரை எனக்கு இப்படியொரு பேரைத் தந்ததில்லை. நாயைத் தேடிப்போய் மன்னித்துவிடலாம் போலிருந்தது.

எட்டு இருபதுக்குப் பனி விலகியது. தென்கரையில் ஒரு பெண் வந்து நின்றார். தலையில் துண்டுக் கட்டு, கையில் நீளக் கம்பு, நாற்பது வயது இருக்கலாம். வாயில் கையைக் குவித்துக் குரல் கொடுத்தார்.

“பா... பா... பா...”

இமயமலையைத் தாண்டி வந்த பதினான்கும் ஒரே நேரத்தில் கழுத்தைத் திருப்பி, அந்தக் குரலை நோக்கி நீந்த ஆரம்பித்தன.

நாணலுக்குப் பின்னாலிருந்து இன்னும் நானூறு வாத்துகள், பழுப்பும் வெள்ளையுமாக, க்வாக் க்வாக் என்று அதே குரலுக்கு வந்துகொண்டிருந்தன. மீரான் தொலைநோக்கியில் மறுபடி கண்ணை வைத்தார். இந்த முறை நெடுநேரம் வைத்திருந்தார். பிறகு இறங்கித் தென்கரைக்கு நடந்தார். நான் முக்காலியைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினேன்.

“ஏன், என் வாத்தையே உத்து உத்துப் பாக்கிய?” என்றார் அந்தப் பெண். செல்லத்தாய் என்று பெயர். வாத்து மேய்ப்பவர், அறுவடைக்கு முன்னால் குளத்தோரம், அறுத்தபிறகு வயலில் என்று கூட்டத்தோடு ஊர் ஊராகப் போகிறவர்.

“தலையில அது என்னக்கா கோடு?” என்று கேட்டார் மீரான்.

“அதுவா? பெயிண்டு. பக்கத்துக் குளத்துல இன்னொரு கூட்டம் கெடக்குல்லா, கலந்துட்டா சண்டை வரும். பழுப்புக்கெல்லாம் றெக்கையில செவப்பு வச்சிருக்கேன். வெள்ளையில செவப்பு வச்சா ரத்தம்னு நெனச்சு மத்தது கொத்துது. அதான் மண்டையில ரெண்டு கறுப்புக் கோடு.”

உலகத்தில் எத்தனையோ அடையாளம் போடலாம். சுழி போடலாம், புள்ளி வைக்கலாம். இந்த அம்மா இரண்டு கோடு போட்டிருக்கிறார்.

மீரான் விஷயத்தைச் சொன்னார். செல்லத்தாய் முதலில் சிரித்தார். பிறகு மீரானின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

“எண்ணுறதுக்கா சென்னையில இருந்து வந்திய?” என்றார் என்னிடம். “எங்கிட்ட கேட்டா நானே சொல்லியிருப்பேன்லா. நானூத்தி இருவத்தாறு. நேத்து ஒண்ணை நரி கொண்டு போயிட்டு.”

இந்த இடத்தில் நான் சொன்னதை எழுதாமல் விட்டுவிடலாம். விட்டால் இந்தக் கட்டுரையில் எனக்குக் கொஞ்சம் மரியாதை மிஞ்சும். ஆனால் சொன்னேன். “பாய், பதினாலுன்னே இருக்கட்டுமே. பலகையும் இருக்கும். யாருக்குத் தெரியப்போகுது?”

“எனக்குத் தெரியும்லா” என்றார் செல்லத்தாய்.

மீரான் என்மேல் கோபப்படவில்லை. குளத்தைப் பார்த்தபடி சொன்னார்: “ஒரு வீட்டுக்குப் போறோம், ஏசியில கேஸ் போடணும். போடாமலே போட்டாச்சுன்னு சொல்லிட்டு வந்துரலாம். இப்ப தை மாசம். போட்டவன் வீடும் குளுந்துதான் கெடக்கும், போடாதவன் வீடும் குளுந்துதான் கெடக்கும். சித்திரை வரும்லா, அண்ணாச்சி.”

கைப்பேசியை எடுத்தார். ஒலிபெருக்கியில் போட்டார்; நானும் கேட்க வேண்டும் என்பதற்காக இருக்கலாம்.

“டீச்சர், தப்பாயிட்டு. அது மேய்க்கிற வாத்து. வரித்தலை பூஜ்யம்.”

“மீரான், இங்க நாப்பது பேரு வாழ்த்துப் போட்டுட்டாங்க.”

“மாத்திச் சொல்லிருங்க டீச்சர்.”

“நல்லாப் பாத்தியளா?”

“மொதல்ல பாக்கல. இப்பத்தான் பாத்தேன்.”

“முதல்ல பாத்தது நான், டீச்சர்!” என்று நான் பக்கத்திலிருந்து கத்தினேன்.

“யாரு, அந்தக் காக்கா படம் போட்ட சாரா?” என்றார் டீச்சர். என் புகழ் நான் நினைத்ததைவிட அதிகம் பரவியிருந்தது. பிறகு அவர் குரல் தணிந்தது. “நம்ம பேசி வச்சதுதான் மீரான். அடுத்த வருசம் வேற குளத்தைச் சேத்துருவோம். மனசுல வச்சுக்கிடாதிய.”

“சரி டீச்சர்.”

மணி எட்டு நாற்பது. இதற்குமேல் ஊருக்குத் திரும்பிவிடுவோம் என்று நினைத்தேன். மீரான் நோட்டைத் திறந்து, விட்ட இடத்திலிருந்து நாமக்கோழிகளை எண்ண ஆரம்பித்தார். நான் தெற்குப் பக்கத்தை முதலிலிருந்து பார்த்தேன். நீலத் தாழைக்கோழி பதின்மூன்று. ஒன்பதோ பத்தோ இல்லை. செல்லத்தாய் வாத்துகளைத் திருப்பிவிட்டு எங்களோடு கரையில் வந்து உட்கார்ந்துகொண்டு, நாங்கள் பார்க்காத ஒரு மூலையைக் காட்டினார். வெயில் ஏறினால் கீழ்க்கரை மதகுக்குப் பின்னால் காட்டு வாத்துகள் ஒதுங்குமாம். போய்ப் பார்த்தோம். ஊசிவால் வாத்து, இருநூறுக்குமேல். மீரான் அங்கே எட்டு வருடத்தில் ஒருமுறைகூடப் போனதில்லை.

“ஒங்க கோட்டுத்தலை வந்திருந்தா எங்கண்ணுல பட்டிருக்கும்” என்றார் செல்லத்தாய். “ஒரு மாசமா இங்கனதான் கெடக்கேன். வரல.” அந்தப் பூஜ்யம் அப்போதுதான் உறுதியானது.

பதினொன்றேகாலுக்கு முடித்தோம். மீரான் தாளில் வரிவரியாக எழுதி, வரித்தலைக்கு நேரே ஒரு முட்டையைப் போட்டு, அடியில் கையெழுத்து வைத்தார். பிறகு பேனாவை என்னிடம் நீட்டினார். எண்ணியவர்கள் எல்லோரும் போடவேண்டுமாம். அலுவலகத்தில் ஒரு நாளைக்கு இருபது கையெழுத்துப் போடுகிறேன். எதையும் இவ்வளவு யோசித்துப் போட்டதில்லை.

கிளம்பும்போது செல்லத்தாய், “பலகையக் கழட்டிட்டுப் போனா போறாங்க. மாசி அறுப்பு வரைக்கும் நான் இருக்கேன். மண்ணு லாரி வந்தா போனு போடுதேன், நம்பரக் குடுங்க” என்றார். மீரான் தன் ஏசி மெக்கானிக் அட்டையைக் கொடுத்தார். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “வாத்துக்கு ஏசி போடச் சொல்லுதியளா?” என்றார் அவர். அன்றைக்கு மீரான் மறுபடி சிரித்தது அப்போதுதான்.

மாலை ஏழு மணிக்குச் சந்திப்பில் வழியனுப்ப வந்தார். அடுத்த வருடம் என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்டேன்.

“எண்ணுவேன்.”

“யாருக்கு அனுப்புவீங்க?”

“டீச்சருக்குத்தான். பட்டியல்ல இல்லாத தாளைக் கிழிச்சுப் போடணும்னு சட்டமா இருக்கு? மதகுப் பக்கம் வேற இருக்குல்லா, இன்ஷா அல்லா.”

வண்டி கங்கைகொண்டானைத் தாண்டும்போது வெளியே ஒன்றும் தெரியவில்லை. அங்கும் எங்கோ ஒரு குளம் இருக்கும், அதை எண்ண யாராவது இருப்பார்களா என்று யோசித்துக்கொண்டே வந்தேன்.

சென்னையில் எங்கள் தெருவிலிருந்து எட்டு நிமிட நடையில் ஒரு ஏரி இருக்கிறது. இருபது வருடமாக மாநகரப் பேருந்தின் ஜன்னல் வழியே அதைப் பார்க்கிறேன். அதாவது, மூக்கைப் பொத்திக்கொள்கிறேன். பேராட்சிக்குளத்தில் ஒரு பலகைக்காக ஒரு மனிதர் கலங்கியதைப் பார்த்துவிட்டு வந்தவனுக்கு, பலகையும் இல்லாமல் கலங்க ஆளும் இல்லாமல் கிடக்கும் அந்தத் தண்ணீரைப் பார்க்க வெட்கமாக இருந்தது. அடுத்த ஞாயிறு காலை ஆறரைக்கு அதன் கரையில் நின்றேன். ஒரு பக்கம் ஆகாயத்தாமரை, ஒரு பக்கம் பிளாஸ்டிக், நடுவில் கொஞ்சம் தண்ணீர். ஒரு மணி நேரம் எண்ணி, தாளில் எழுதி, தாளையும் ஏரியையும் படமெடுத்து அங்கிருந்தே மீரானுக்கு அனுப்பினேன். நாமக்கோழி பதினொன்று, முக்குளிப்பான் இரண்டு, கொக்கு ஆறு, வரித்தலை பூஜ்யம்.

உடனே அழைப்பு வந்தது. பாராட்டப்போகிறார் என்று நினைத்து எடுத்தேன்.

“நாமக்கோழி பதினொண்ணா? அதுக்குப் பின்னால நாணல் தெரியுதே, அங்கன போய்ப் பாத்தியளா?”

“இல்ல பாய். அந்தப் பக்கம் சேறு.”

சொல்லிவிட்டு நானே அந்தச் சேற்றைப் பார்த்தேன். நான் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன்.